குதிரையின் காலில் கேட்ட சத்தம்

“…தப்பு எனக்காக்கும், அண்ணா. அண்ணைக்கு நாலாளு கேக்கச் சொன்னேன். அதான் இண்ணைக்கும் நாலாளு நிக்கிய நேரம் பாத்து வந்திருக்கேன்.”

சொன்னது என் பெரியம்மை, அம்மாவின் அக்காள். சொன்ன இடம் அமரவிளை சந்திப்பு. செக்போஸ்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற காலை நேரம். கேட்டுக்கொண்டிருந்தவர் வண்டி மாடுகளுக்கு லாடம் அடிக்கிறவர். நாலாள் என்று பெரியம்மை சொன்னது அடக்கத்துக்கு. பதினைந்து இருபது வண்டிக்காரர்கள் நின்றிருந்தார்கள். பெரியம்மைக்குப் பக்கத்தில் ஒரு குதிரை. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்து வயதில் நான். “நீ வாயைத் தொறக்காண்டாம், உனக்க வாயி செஞ்சது போரும்” என்று வழி நெடுகச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற என் வயதுக்காரர்களே, இது நமக்கு ஆன கதைதான். ஒரு குதிரையின் மூட்டைப் பற்றியது. என் வாயைப் பற்றியதும்கூட.

பெரியம்மை சிலோனில் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெகுகாலம் நர்ஸாக இருந்தவள். குதிரை ஏற அங்கே பழகினாள். மலைமேல் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயங்களுக்குப் போக வேறு வழியில்லை என்பாள். ஊருக்குத் திரும்பி, அமரவிளைக்குக் கிழக்கே ஒரு வீடு கட்டி உட்கார்ந்தபோது, மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகிற அவசரத்தில் விட்டுப்போன குதிரை அவளிடம் வந்து சேர்ந்தது. பலாக்கொட்டைத் தோல் நிறம். நெற்றியில் ஒரு வெள்ளைத் தீற்றல். ஒற்றசேகரமங்கலத்துக்கு அப்பால் பஸ் போகாத மேட்டு வீடுகளில் யாருக்குப் பேறுவலி என்றாலும் பெரியம்மை அதில் ஏறிப் போவாள். உள்ளே வெள்ளைக் கால்சட்டை, மேலே சேலையை இழுத்துச் செருகியிருப்பாள். சேணத்தில் தொங்குகிற தோல்பையில் ஸ்பிரிட்டில் ஊறும் ஊசிகள், பிள்ளையைத் தொட்டில் துணியில் போட்டு நிறுக்கிற தராசு. அந்தச் சேணம் பின்னாளில் எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கிடந்து கரையான் தின்றது. பையை யார் எடுத்துப் போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஸ்பிரிட் வாசனை எங்கே அடித்தாலும் அவள் வருகிறாள் என்று இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.

“மத்த நர்ஸம்மைக்கு ரெண்டு காலு, நம்ம நர்ஸம்மைக்கு ஆறு” என்று ஊரில் சொல்வார்கள்.

அந்த வருஷம் தனு மாதத்தில், அதாவது மார்கழியில், பெரியம்மைக்கு மஞ்சள்காமாலை வந்தது. மீனம், அதாவது பங்குனி, பாதி போகிறவரை படுக்கையில் கிடந்தாள். அத்தனை நாளும் குதிரை தொழுவத்தில் கட்டுத்தறியிலேயே நின்றது. வேளாவேளைக்குப் புல்லும் கொள்ளும் போடப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது. நடத்திக்கொண்டு போகத்தான் ஒருவருக்கும் தைரியம் இல்லை. மாட்டைத் தெரிந்த ஊர் அது. குதிரையை எட்ட நின்று பார்க்கிற ஊர்.

பள்ளிக்கூடம் அடைத்ததும் அம்மா என்னைத் தனுவச்சபுரத்திலிருந்து பஸ் ஏற்றிப் பெரியம்மைக்குத் துணையாக அனுப்பினாள். நான் போய் ஒரு வாரத்துக்குள் மலையிலிருந்து ஓர் அக்காள் இறங்கி வந்தாள். ஏழு மாதம். இதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்த அன்றே போயிருந்தன. பெரியம்மை அவளைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றில் குழல் வைத்துக் கேட்டாள்.

“நாளு இடவத்திலயாக்கும். மழை தொடங்கியிருக்கும்,” என்றாள், வைகாசி மாதத்தைச் சொல்லி. “நீ கீழ எறங்காண்டாம். நான் வாறேன்.”

“நீங்களே எலும்பா கெடக்கிய, எப்பிடி ஏறி வருவிய?” என்றாள் அந்த அக்காள்.

“நானா ஏறப் போறேன்? குதிரை இல்லியா?”

இப்படி வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நடந்து ஏற மூன்று மணி நேரம் பிடிக்கும் மேடு அது. காமாலையிலிருந்து எழுந்த உடம்பு கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. குதிரை இருந்தால்தான் அந்தப் பிள்ளைக்குப் பெரியம்மை உண்டு.

குதிரைக்குக் குளம்பு வளர்ந்து, பழைய லாடம் தேய்ந்து கிடந்தது. முன்பெல்லாம் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஆள் வந்து மாற்றுவார். அவர் தன் மகளின் ஊருக்கே குடி போய்விட்டார். அதனால் அமரவிளை லாடக்காரரை வரச் சொன்னாள். பெரியம்மை கேட்டாள், “உமக்குக் குதிரை பழக்கம் உண்டா?”

“நாலு காலு உள்ளதெல்லாம் நமக்கு ஒண்ணுதான், நர்ஸம்மா. கட்டிலுக்கு மட்டும் ஆசாரியைக் கூப்பிடணும்.”

பெரியம்மை சிரித்துவிட்டு, இரண்டு நாள் அங்கேயே தங்கியிருந்த அந்த மலை அக்காளைப் பார்க்க உள்ளே போனாள். நான் முற்றத்தில் நின்றேன்.

மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைச் சுற்றி, காலை இழுத்து, மாட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி அடிப்பார்கள். லாடக்காரருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வைக்கோலைப் பரப்பினார், கயிற்றைப் போட்டார், “ஹேய்” என்றார். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் குதிரை வலது பக்கமாக விழுந்து கிடந்தது.

அது போட்ட கனைப்பில் பெரியம்மை குழலைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்தாள்.

“ஓய்! குதிரையை ஆராவது தள்ளிப் போடுவாவளா? அவிழும் ஓய் கயிற்றை!”

“நிண்ணா ஒதைக்காதா?”

“நிக்க வச்சுக் காலைத் தூக்கி மடியில வைக்கணும்.”

“மடியிலயா? எனக்குக் குடும்பம் உண்டு நர்ஸம்மா,” என்றார் அவர்.

குதிரை எழுந்தது, உடம்பை உதறியது, போய்த் தண்ணீர் குடித்தது. லாடக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். லாடம் மாற்றவில்லை, குளம்பு வெட்டவில்லை. மூன்று நாள் குதிரை முற்றத்தில் நன்றாகத்தான் நடந்தது.

நாலாம் நாள் காலையில் நான் புல் கொண்டுபோனபோது அதன் இடது பின்கால் பின்பக்கமாக நீண்டு, கம்புபோல விறைத்து நின்றது. முன்னே வர முயன்றது, கால் வரவில்லை. குளம்பின் நுனி மண்ணில் கோடு போட்டுக்கொண்டு இழுபட்டது. பிறகு திடீரென்று மூட்டு மடங்கிக் கால் முன்னால் வெட்டி வந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது: டக்.

அன்றைக்கெல்லாம் இதே கதைதான். பத்து அடி சரியாக நடக்கும், பதினொன்றாவது அடியில் இழுக்கும். பெரியம்மை மூட்டையும் கணுவையும் தடவிப் பார்த்தாள். வீக்கம் இல்லை, சூடு இல்லை. முகம் கறுத்துப்போய் என்னிடம் திரும்பினாள்.

“எட்டி, அண்ணைக்கு நீதானே முற்றத்தில நிண்ண? அது விழும்பம் எதாவது கண்டியா?”

நான் அப்போதே பேச்சுக்காரி. கையில் ஒரு சத்தம் இருந்தது. அன்று காலை எல்லாருக்கும் முன்னால் நான் கேட்டது. அதை நாலாம் நாள் தொழுவத்திலிருந்து தூக்கி, குதிரை விழுந்த நாள் முற்றத்தில் கொண்டு வைத்தேன்.

“டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுது பெரியம்மை. கால்ல.”

பொய் சொல்கிறேன் என்ற நினைப்புகூட இல்லை. கதைக்கு அந்த இடத்தில் அது பொருந்தியது, அவ்வளவுதான். ஊர்க்கடையில் சொல்லும்போது அது ‘மடக்’ ஆயிற்று. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் வட்டமாக நின்று கேட்டபோது காய்ந்த பனைமட்டை ஒடிகிற சத்தம் ஆயிற்று.

சனிக்கிழமை பெரியம்மை பஸ் ஏறி அமரவிளை போனாள். நானும் போனேன். சந்திப்பில் வண்டிக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருந்த லாடக்காரரின் கையைக் காட்டிச் சொன்னாள்:

“எல்லாரும் பாத்துக்கிடுங்க. எனக்க குதிரைக்க காலை முறிச்ச கை இதாக்கும்.”

அவர் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். வண்டிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் அது அமுங்கிப்போயிற்று. அன்று சாயங்காலமே அவருக்குக் ‘குதிரைதள்ளி’ என்று பேர் விழுந்தது. பேர் வைப்பதில் நம் ஆட்களை அடிக்க முடியுமா? தார் ரோடு போட ஒரு வருஷம் ஆகும், பேர் போட ஒரு பொழுது போதும். “எனக்க காளையைப் பைய தொடும் ஓய் குதிரைதள்ளி” என்பான் ஒருவன். இன்னொருவன் தன் மாட்டை நெய்யாற்றின்கரைக்கே ஓட்டிக்கொண்டு போனான்.

இங்கே பெரியம்மை குதிரைக்கு வைத்தியம் தொடங்கினாள். அடிபட்ட காலுக்கு ஓய்வு வேண்டும் என்று அவள் படித்திருந்தாள். மனுஷனுக்குப் படித்ததைக் குதிரைக்குச் செய்தாள். கட்டுத்தறியில் கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டினாள். எருக்கிலையை வாட்டி ஒத்தடம். காலையும் மாலையும் முறிவெண்ணெய். அந்த எண்ணெயின் மணம் எங்கள் சோற்றில்கூட அடித்தது. மூன்று வாரம் குதிரை அசையாமல் நின்றது. அவிழ்த்துப் பார்த்தால், பத்து அடிக்கு ஒருமுறை மாட்டிக்கொண்ட கால் மூன்று அடிக்கு ஒருமுறை மாட்டியது.

அம்மா ஒருநாள் பார்க்க வந்தாள். “வித்துப் போடு அக்கா. வாங்கினவன் வண்டியிலயாவது பூட்டுவான்,” என்றாள்.

“இடவத்தில ஒருத்திக்கு வாக்குக் குடுத்திருக்கேன்,” என்றாள் பெரியம்மை.

“அவளைக் கீழ வரச் சொல்லு.”

“ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவ. வலியோட மூணு மணிக்கூறு எறங்கச் சொல்லவா?”

 அம்மா போகும்போது, “நிக்க நிக்கக் காலு பெலக்கும்னு ஆரு ஒனக்குச் சொன்னா? எனக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உக்காந்து எழும்பினாலே பிடிக்குது,” என்று கேட்டுவிட்டுப் போனாள். படிக்காத தங்கச்சி சொன்னதைப் படித்த அக்காள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பாறசாலை மிருக ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். வடக்கே எங்கோ ஊர், மலையாளம் மட்டும் பேசுவார், மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம். அவரைக் கூட்டி வந்தபோது, “இவன் மாட்டுக்கு ஊசி போடுவானா, மாடு இவனுக்கு ஊசி போடுமா?” என்று கடைக்காரர் கேட்டார்.

டாக்டர் குதிரையைத் தொடவே இல்லை முதலில். பெரியம்மையின் பையிலிருந்து வெள்ளை பிளாஸ்திரி இரண்டு துண்டு வாங்கி, குதிரையின் இடுப்பில் எலும்பு துருத்துகிற இரண்டு பக்கத்திலும் ஒட்டினார். என்னை நேராக நடத்திப் போகச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளையே பார்த்தார். இடது புள்ளி அதிகமாக ஏறி இறங்கியது. பிறகு பின்பக்கமாக நடத்தச் சொன்னார். கால் மாட்டியது, இழுபட்டது, விட்டது. டக்.

“இது தன்னே,” என்றார், இதுவேதான் என்று. தன் முழங்காலில் கை வைத்துக் காட்டினார். மூட்டுச் சில்லு நழுவி மேலே ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறது. தொடைச் சதைக்கு அதைப் பிடித்து இறக்கப் பலம் இல்லை. தானாக விடும்போது இந்தச் சத்தம். “எத்ர நாள் கெட்டியிட்டு?” எத்தனை நாள் கட்டிப் போட்டிருந்தது என்று கேட்டார்.

பெரியம்மை விரல்விட்டு எண்ணினாள். தனு, மகரம், கும்பம், மீனம். போதாததற்கு இந்த மூன்று வாரம்.

“வீணு கழிஞ்ஞு நடந்நோ?” விழுந்தபிறகு நடந்ததா என்று கேட்டார்.

“மூணு நாளு நல்லா நடந்துது,” என்றாள் பெரியம்மை.  மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குதிரையின் கழுத்துக்கு மறுபக்கம் போய்விட்டேன்.

“எங்கில் வீழ்ச்சயல்ல, சேச்சீ. இனி கெட்டியிடருது. நடத்தணும்.” விழுந்ததால் வந்தது இல்லையாம், இனிக் கட்டிப் போடக் கூடாதாம்.

“கெட்டிப் போடாம நடத்தணுமா? நோவுற காலையா?”

நடத்த வேண்டும், ஆனால் மேலே ஆள் ஏறக் கூடாது. முதல் வாரம் சமதரையில் நேராகக் கால் மணி, பிறகு அரை மணி. அடுத்த வாரம் மேடு. மேடு ஏறும்போதுதான் தொடைச் சதை வேலை செய்யும். சட்டென்று வளைக்கக் கூடாது. வீக்கமோ சூடோ கண்டால் நிறுத்திவிட்டு ஆள் அனுப்ப வேண்டும். முக்கியமாக, குளம்பின் முன்நுனி நீண்டு கிடக்கிறது. அதை வெட்டிக் குறைத்து லாடம் மாற்றாவிட்டால் பாதி குணம்தான் வரும். எண்ணெயைப் பற்றிப் பெரியம்மை கேட்டாள். “நல்லதாணு. சேச்சியுடெ கைக்கு,” என்றார்.

மறுநாளிலிருந்து நடந்தோம். ஊர் பார்த்தது. நோஞ்சான் குதிரையை நோஞ்சான் நர்ஸம்மை இழுத்துக்கொண்டு போகிறாள் என்று பாவம் பார்த்தவர்களும் உண்டு. கொடுமைக்காரி என்றவர்களும் உண்டு. “எலே, குதிரையை நர்ஸம்மை நடத்துதா, நர்ஸம்மையைக் குதிரை நடத்துதா?” என்றார் கடைக்காரர். இரண்டும் உண்மைதான். முதல் நாள் கடைவரை. ஒரு வாரத்தில் பள்ளிக்கூட வளைவு. பிறகு ரப்பர்த் தோட்டத்து மேடு. வெயில் ஏறுமுன் கிளம்புவோம். ரப்பர்ப் பால் எடுக்கிறவர்கள் சிரட்டையைக் கவிழ்க்கிற சத்தம் மரத்துக்கு மரம் கேட்டுக்கொண்டே வரும். பெரியம்மை பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு இருபது அடிக்கு ஒருமுறை நிற்பாள். குதிரையும் நிற்கும். மூன்றடிக்கு மாட்டிய கால் முப்பதடிக்கு மாட்டியது. ஒருநாள் மேடு முழுக்க ஏறி முடிக்கிறவரை சத்தமே இல்லை. அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

“பெரியம்மை, அந்தச் சத்தம் அண்ணைக்கு வரல்ல. அது நாலாம் நாளு.”

“தெரியும்.”

“பின்ன ஏன் என்னை அடிக்கல்ல?”

“அடிக்கியதுக்கு மூச்சு வேண்டாமா? ஏறு.”

உச்சியில் ஒரு பாறையில் உட்கார்ந்து வெகுநேரம் முகத்தைத் துடைத்தாள். “நீ ஒரு டக்தான் சொன்ன. நான் கைன்னு சொன்னேன், முறிச்சதுன்னு சொன்னேன். எனக்கு அப்ப ஒரு ஆளு வேணும்னு இருந்துது, மக்கா.” அவ்வளவுதான் சொன்னாள். அவள் படுத்துக் கிடந்ததால் குதிரை கெட்டது என்பதை ஒத்துக்கொள்ள மனம் வராமல் ஆள் தேடியிருக்கிறாள் என்று எனக்கு விளங்க இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று.

நடையில் வருகிற குணம் வந்தாயிற்று. மீதி நின்றுவிட்டது. கல் ரோட்டில் நீண்ட குளம்பு நுனி தட்டித் தட்டி, மேடு ஏறும் குதிரை சமதரையில் இடறியது. இடவம் பிறந்தது. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியது. பெரியம்மை கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினாள், லாடக்காரர் ஒருநடை வந்து குளம்பு வெட்ட முடியுமா என்று. பதில் அன்றே வந்தது:

“குதிரையைத் தள்ளத் தெரிஞ்சவனுக்கு நகம் வெட்டத் தெரியாதுன்னு சொல்லும்.”

கடைக்காரர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பெரியம்மை சிரிக்கவில்லை. மறுநாள் காலை வெள்ளைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, ஆனால் ஏறாமல், குதிரையை நடத்திக்கொண்டே அமரவிளைக்குப் புறப்பட்டாள்.

அந்த மழையில் மலை அக்காளுக்குப் பிறந்தவள் இன்றைக்கு வெள்ளறடையில் தையற்கடை வைத்திருக்கிறாள். போன மாதமும் எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள், வழக்கம்போல் கை இறுக்கமாக.

சந்திப்பில் லாடக்காரர் தன் மரப்பெட்டிமேல் குத்துக்காலிடாமல் மடி விரிய உட்கார்ந்திருந்தார். பெரியம்மை சொல்ல வந்ததைச் சொன்னாள். தப்பு எனக்காக்கும் என்றாள். சத்தம் என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே இல்லை; நான் அந்தப் பேச்சில் எங்குமே இல்லை. என்னைக் காப்பாற்றியதாக அவள் நினைத்திருப்பாள். என்னைச் சொல்ல விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று சொல்லாததால்தான் இத்தனை வயதில் உங்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லாடக்காரர் உளியைத் துணியில் துடைத்தார். கூட்டத்திலிருந்து ஒரு வண்டிக்காரன் குரல் கொடுத்தான்: “கயிறு வேணுமா ஓய், குதிரைதள்ளி? எனக்க வண்டியில உண்டு!”

சிரிப்பு எழுந்தது. லாடக்காரர் தலையைத் தூக்கினார். கண் சிவந்திருந்தது.

“கேட்டியளா நர்ஸம்மா? நீங்க ஒருக்கா வந்து சொன்னிய. இவனுவ தெனம் சொல்லுகானுவ. இண்ணைக்கு நீங்க வந்து இல்லைன்னு சொன்னா அது போயிருமா?”

 பெரியம்மை சேலையை இழுத்துச் செருகினாள். குதிரையின் இடது பக்கமாகப் போய் இடுப்பில் கை வைத்தாள். கையை எடுக்காமலே தொடை, மூட்டு, கணு என்று இறக்கிக்கொண்டு வந்து குனிந்தாள். வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். குதிரை காலைத் தளர்த்திக் கொடுத்தது. பெரியம்மை அந்த இடது பின்காலை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கி, கயிறு இல்லாமல், கட்டு இல்லாமல், லாடக்காரரின் மடியில் கொண்டு வைத்தாள்.